பன்னீர்ச்சாரல் இல்லத்தின் நான்காவது திருகு

அனுப்புநர்:
ஆ. தளவாய், முன்னாள் படைவீரர்,
மின் மேற்பார்வையாளர்,
த/பெ. ஆவுடைநாயகம்,
கீழத் தெரு, வாசுதேவநல்லூர்,
தென்காசி மாவட்டம்.

(22.07.2025 முதல் இருப்பிடம்: அறை எண் 4, தரைத்தளம், பன்னீர்ச்சாரல் இல்லம், ஐந்தருவிச் சாலை, குற்றாலம். காரணம் பத்தி 15-இல் உள்ளது.)

பெறுநர்:
உயர்திரு மின் ஆய்வாளர் அவர்கள்,
மின் ஆய்வாளர் அலுவலகம்,
தென்காசி.

பொருள்: குற்றாலம் பன்னீர்ச்சாரல் இல்லம் தங்கும் விடுதி – மெயின் பிரேக்கரின் எலக்ட்ரானிக் ட்ரிப் யூனிட்டில் எர்த் கசிவுப் பாதுகாப்பு செயலிழக்கச் செய்யப்பட்டிருப்பது – அதைச் செய்தவன் மனுதாரராகிய நானே என்பது – ஆடி அமாவாசைக் கூட்டம் வரும் முன் மின்சாரத்தை நிறுத்தி முத்திரையிட வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: விடுதி உரிமையாளருக்கு நான் அனுப்பிய பதிவுத் தபால், நாள் 20.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு எழுதிப் பழக்கமில்லாதவன் நான். பதினேழு ஆண்டுகள் இராணுவத்தில் மின் பிரிவில் இருந்தபோது எழுதியதெல்லாம் லாக் புத்தகம்தான். எனவே இதுவும் தேதி, மணி, அளவு என்றே போகும். நடுவில் மனது கொஞ்சம் எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. மேற்படி விடுதி திரு. விஜயசங்கர் அவர்களுக்குச் சொந்தமானது. தரைத்தளமும் மேலே மூன்று மாடிகளுமாக நாற்பத்திரண்டு அறைகள். சொந்த டிரான்ஸ்பார்மர் உண்டு. படிக்கட்டு ஒன்றே ஒன்று. லிப்ட் கிடையாது. சீசனில் அறைகள் நிரம்பினால் நூற்றைம்பது பேருக்குக் குறையாது. அத்தனை பேரும் ஏறி இறங்குவது அந்த ஒரு படிக்கட்டில்தான் என்பதைத் தாங்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

2. 2022 மே மாதம் இவ்விடுதிக்கு 400 ஆம்பியர் மெயின் பிரேக்கரை மாட்டி, அதன் எலக்ட்ரானிக் ட்ரிப் யூனிட்டுக்கு செட்டிங் வைத்துக் கொடுத்தவன் நான். தங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மனு வேறு மேசைகளுக்கும் போகலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எப்போது கரண்டை அணைக்க வேண்டும் என்பதை இந்த யூனிட்டுக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். முகப்பில் நான்கு சிறு திருகுகள் இருக்கும். முதல் மூன்றும் சுமை கூடினாலும் ஷார்ட் ஆனாலும் எவ்வளவில், எத்தனை நேரத்தில் அணைக்க வேண்டும் என்பதற்கு. நான்காவது, கரண்ட் போக வேண்டிய வழியில் போகாமல் சுவரிலோ இரும்பிலோ மண்ணிலோ இறங்கினால் என்ன செய்வது என்பதற்கு. இந்த நான்காவது திருகுக்கு மூன்று நிலைகள்: அணைப்பது, எச்சரிக்கை விளக்கை மட்டும் எரியவிடுவது, சும்மா இருப்பது. நான் முதல் நிலையில் வைத்தேன். எண்பது ஆம்பியருக்கு மேல் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் கட்டடம் முழுவதும் அணைந்துவிடும். சொல்லிக்கொடுத்ததை இந்த யூனிட் மறக்காது, மீறாது. தவறாகச் சொல்லிக்கொடுத்தாலும் அதே விசுவாசத்தோடு நடந்துகொள்ளும்.

3. செட்டிங் அளவுகளை ஒரு வெள்ளை அட்டையில் எழுதி, பேனல் கதவின் உட்புறம் ஒட்டினேன். அவசரத்தில் பிரேக்கரின் வரிசை எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டேன். 74 என்பது 47 ஆகிவிட்டது. ஒட்டியபிறகுதான் கவனித்தேன். சோம்பலால் திருத்தவில்லை. இந்தப் பிழைக்கும் இம்மனுவில் வேலை இருக்கிறது.

4. அன்றே பேனலுக்குப் பூசையும் நடந்தது. சந்தனத்தையும் குங்குமத்தையும் எங்கே வைப்பது என்று கேட்டார்கள். திருகுகளில் பட்டு இறுகிவிடக் கூடாது என்பதற்காக, யூனிட்டின் வலது கீழ் மூலையில் வழவழப்பான ஓர் இடத்தைக் காட்டி, முதல் பொட்டை நானே வைத்தேன். அந்த இடத்தில் இருந்தது எச்சரிக்கை விளக்கு. நான்காவது திருகு முதல் நிலையில் இருக்கும்வரை அந்த விளக்குக்கு வேலையே இல்லை. அதனால் அதை நான் பொருட்படுத்தவில்லை.

5. இந்த ஆண்டு சீசனுக்கு முன் விடுதியைப் புதுப்பித்தார்கள். படிக்கட்டுச் சுவரில் தரையிலிருந்து மூன்றாம் மாடி வரை பளபளப்பான ஸ்டீல் கைப்பிடி பொருத்தப்பட்டது. சுவரைத் துளைத்து நீளமான போல்ட்டுகள் இறக்கியிருக்கிறார்கள். அதே சுவருக்குள்தான் மாடிகளுக்குப் போகும் மெயின் கேபிள் ஏறுகிறது. துளைப்பதற்கு முன் யாரும் என்னைக் கேட்கவில்லை.

6. 14.06.2025 சனிக்கிழமை மாலை 6.40-க்கு சாரல் வலுத்துப் பெய்துகொண்டிருந்தபோது பிரேக்கர் ட்ரிப் ஆனது. அழைத்தார்கள், போனேன். யூனிட்டின் நினைவகத்தைப் பார்த்தேன். எர்த் கசிவு, நீல பேஸ், 96 ஆம்பியர் என்று தேதி மணியோடு எழுதி வைத்திருந்தது. மறுநாள் ஞாயிறு மாலைக்குள் இன்னும் இரண்டு முறை. ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி, அதன் காப்பைச் சோதிக்கும் மெக்கர் வைத்துப் பார்த்ததில், பழுது மாடிகளுக்கு ஏறும் கேபிளில் என்று தெரிந்தது. எந்த இடத்தில் என்பது சுவரை உடைத்தால்தான் தெரியும். உரிமையாளரிடம் சொன்னேன். இரண்டு நாள் விடுதியை மூட வேண்டும், கேபிளை உருவி மாற்ற வேண்டும் என்றேன். சீசன் முடியட்டும் என்றார். அன்று அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேதான் நானும் படி ஏறினேன். என் கை உலர்ந்திருந்தது, காலில் ரப்பர் செருப்பு. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

7. இனி எழுதுவது என் குற்றம். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை விடுதியில் தங்கியிருந்தது வாசுதேவநல்லூரிலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டார். என் ஊர்க்காரர்கள். மூன்றாம் முறை இருட்டானபோது வரவேற்பறையில் இருந்து ஒருவர், "இது நம்ம தளவாய் பாத்த வேலைதானாம்லே" என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது. உரிமையாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, இன்னைக்கி ஒரு நாளு மட்டும் மானத்தக் காப்பாத்துங்க. காலைல நீங்க என்ன சொல்லுதியளோ அதச் செய்யுதேன்" என்றார். நான் நான்காவது திருகை முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குத் திருப்பினேன். அதாவது, கரண்ட் சுவரில் இறங்கினாலும் அணைக்காதே, சிவப்பு விளக்கை மட்டும் எரியவிடு என்று சொல்லிக்கொடுத்தேன். சீசன் தொடங்கும்போது ட்ரிப் தொல்லை வேண்டாமென்று இப்படித் திருப்பிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எங்களுக்குள் அதற்குச் 'சீசன் செட்டிங்' என்று பெயர்கூட இருக்கிறது. அப்படிச் செய்தவர்களை நான் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். என் முறை வந்தபோது எனக்கு அரை நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

8. மறுநாள் 16.06.2025 காலை எட்டு மணிக்கு ஆட்களோடு போனேன். பேனல் அறையின் வலைக்கதவுக்குப் புதுப் பூட்டு போட்டிருந்தார்கள். மேலாளர் திரு. குற்றாலீஸ்வரன், "மொதலாளி இப்பம் வேண்டாம்னுட்டாங்க அண்ணாச்சி. கரண்டு நல்லாத்தான இருக்கு, ராத்திரி பூரா ஒரு தடவகூடப் போகலையே" என்றார். போகாது, ஐயா. போகக் கூடாதென்று நான்தானே சொல்லிவைத்துவிட்டு வந்தேன். திருகை மட்டுமாவது பழைய இடத்துக்குத் திருப்பிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். சாவி தரவில்லை. 20.06.2025 அன்று பதிவுத் தபாலில் ஆபத்தை எழுதி அனுப்பினேன். பதில் கடிதம் வரவில்லை. பதிலாக ஒரு பெட்டி மங்குஸ்தான் பழம் வந்தது. கூடவே தொலைபேசியில் பாராட்டும் வந்தது. நான் பார்த்த வேலைக்குப் பிறகு ஒரு தடவைகூட ட்ரிப் ஆகவில்லையாம், கைராசிக்காரனாம். பழத்தை நான் தொடவில்லை. என் மனைவி அனுசியா தெருவில் கொடுத்துவிட்டாள்.

9. நான் மேலும் வற்புறுத்தியதால் வேறு ஒரு ஒப்பந்தக்காரரை வைத்து 27.06.2025 தேதியிட்ட ஆய்வுச் சான்று ஒன்று வாங்கியிருக்கிறார்கள். மேலாளர் அதைப் பெருமையாக எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார். நான்கு திருகுகளின் அளவுகளும் சரியாக உள்ளன என்று அதில் எழுதியிருக்கிறது. நான்காவது திருகு முதல் நிலையில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறது. பிரேக்கரின் வரிசை எண் 47 என்று முடிகிறது. பேனல் கதவைத் திறந்து என் அட்டையைப் பார்த்து எழுதியவர், ஒரு சாண் தள்ளியிருக்கும் பிரேக்கரைப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. என் கையெழுத்தை நம்பி அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

10. விடுதியில் துப்புரவு வேலை பார்ப்பவர் திருமதி பிச்சம்மாள், வயது 58. கணவரை இழந்தவர். விடுதியிலேயே படிக்கட்டுக்குக் கீழ் உள்ள இடத்தில் தங்கியிருக்கிறார். சாவி கிடைக்காத அன்று நான் அவரிடம், தினமும் கூட்டும்போது வலைக்கதவு வழியே, பேனல் கதவின் கண்ணாடியில் பார்த்து, அந்த டப்பாவின் மூலையில் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். "பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்றார். சொன்னபடி பார்த்தார். இரண்டு நாளுக்கு ஒரு முறை அழைத்து, "லைட்டு எரியல அண்ணாச்சி" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி முப்பத்து மூன்று நாள் நான் சாப்பிட்டேன், தூங்கினேன், சிவகிரியிலும் ராயகிரியிலும் மோட்டார் வேலைக்குப் போய்வந்தேன்.

11. 18.07.2025, முதல் ஆடி வெள்ளி. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பேனல் பூசைக்காகப் பிச்சம்மாளிடம் சாவி கொடுப்பார்கள். விடியற்காலையில் வேறு ஆள் வராததால் அவர்தான் செய்வது. அன்று பூச்சரம் போட்ட பேனலைப் படம் எடுத்து என் மனைவிக்கு அனுப்பியிருந்தார். அனுசியா அதை என்னிடம் காட்டினாள். சந்தனம் அகலமாக, குங்குமம் நடுவில் அரை ரூபாய்க் காசு அளவில் கெட்டியாக. யூனிட்டின் வலது கீழ் மூலையில். மூன்று வருடமாக ஒவ்வொரு வெள்ளியும் நான் முதலில் வைத்த அதே இடத்தில், பழையதைத் துடைக்காமல் மேலே மேலே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். திருகைத் திருப்பிய அன்று டார்ச் வெளிச்சத்தில் திருகை மட்டுமே பார்த்தேன், இந்த மூலையைப் பார்க்கவில்லை. பிச்சம்மாள் பொய் சொல்லவில்லை. விளக்கு இருக்கும் இடத்தில் அவர் தினமும் பொட்டைத்தான் பார்த்திருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குங்குமத்தின் ஓரத்தில் நூல் அளவுக்கு ஒரு சிவப்பு தெரிகிறது. அது சந்தனத்தில் ஊறிய குங்குமமா, உள்ளே எரியும் விளக்கா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அந்த விளக்கு ஒரு முறை எரிந்தால் பொத்தானை அழுத்தும்வரை அணையாது.

12. உடனே பிச்சம்மாளை அழைத்து, அந்தப் பொட்டை ஈரத்துணியால் துடையுங்கள் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஆடி வெள்ளிக்கு வச்ச பொட்டப் போயி அழிக்கச் சொல்லுதியளே அண்ணாச்சி. நான் என் பொட்ட அழிச்சுட்டுப் பட்டது போதும். இன்னொண்ண என் கையால அழிக்க மாட்டேன்." சாவியையும் அதற்குள் மேலாளர் வாங்கிக்கொண்டுவிட்டார். பேச்சை மாற்றி, கட்டடத்தில் வேறு ஏதாவது வித்தியாசம் உண்டா என்று கேட்டேன். "வித்தியாசம்னா ஒண்ணுமில்ல. மாடிப்படிச் செவரு மட்டும் இப்பம்லாம் கதகதன்னு இருக்கு. ஈரத் துண்டப் போட்டா ஒரு மணி நேரத்துல காஞ்சிருது. சாரல்ல எங்கனயும் துணி காயாதுல்லா, எல்லாரும் அங்கனதான் போடுதாங்க. நானும் குளுருக்கு அந்தச் செவரோரந்தான் பாயப் போடுதேன்" என்றார். நல்ல செய்தி சொல்லும் குரலில்தான் சொன்னார்.

13. 20.07.2025 ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் போனேன். கண்டவை:

அ. முதல் மாடித் திருப்பத்தில் சுவரின் மீது, 'ஈரத்துணி இங்கே காயப்போடலாம்' என்று அட்டை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கைப்பிடி நெடுகிலும் துண்டுகள், லுங்கிகள், பிள்ளைகளின் உடைகள். சுவரில் கை வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றி போல இருந்தது.

ஆ. அருவியில் குளித்துவிட்டுச் சொட்டச் சொட்ட ஏறி வந்த கடையநல்லூரைச் சேர்ந்த திருமதி ஹைருன் பீவி என்பவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். கேட்டதற்கு, "எறும்பு கடிச்ச மாரி சுருக்குன்னு இருக்கு தம்பி. நேத்துலேருந்து இப்பிடித்தான். அருவித் தண்ணியோட குளுருன்னு நெனச்சேன்" என்றார்.

இ. இரண்டாம் மாடியில் ஏழெட்டுப் பிள்ளைகள் ஈரத்தோடு நின்று, கைப்பிடியை யார் அதிக நேரம் விடாமல் பிடிக்கிறார்கள் என்று பந்தயம் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கை இருபத்தேழு வரை போயிருந்தது. நான் போட்ட அதட்டலில் ஒரு குழந்தை அழுதுவிட்டது.

ஈ. கைப்பிடிக்கும் தரைத்தளக் குழாய்க்கும் இடையே மீட்டர் வைத்து அளந்தேன். மாலை 5.10-க்கு 31 வோல்ட். மழை வலுத்தபின் 6.40-க்கு 47 வோல்ட். நனைந்த உடம்புக்கு இவை சின்ன எண்கள் இல்லை. அறைகளில் உள்ள சிறு பாதுகாப்புக் கருவிகள் இதைத் தடுக்காது. பழுது அவற்றுக்கு முன்னால், சுவருக்குள் இருக்கிறது. ஏதோ ஒரு போல்ட் கேபிளின் தோலைக் கிழித்து உட்கார்ந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

உ. வலைக்கதவுக்கு வெளியே நின்று பேனலைப் பார்த்தேன். பொட்டு தெரிந்தது. அதற்கு மேல் தெரியவில்லை.

கைப்பிடியில் ரப்பர் விரிப்பை வெட்டிச் சுற்றினேன். பத்தே நிமிடத்தில் மேலாளர் அழகு கெடுகிறது என்று கழற்றிவிட்டு, என்னை வெளியே போகச் சொன்னார். நான் போகும்போது அவருக்குக் கோபம்கூட இல்லை. "நீங்களே போட்ட பிரேக்கரு அண்ணாச்சி, நீங்களே நம்பாட்டா எப்பிடி?" என்றார். அவர் மனதில் பிரேக்கர் காவல் இருக்கிறது. பிரேக்கர் ஒரு மாதமாகக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. சொன்னாலும் நம்பவில்லை.

14. தாங்கள் இரண்டு கேள்விகள் கேட்கலாம். பதினெட்டாம் தேதியே தெரிந்திருந்தும் ஏன் இருபத்திரண்டாம் தேதி மனு என்பது முதலாவது. பயம், ஐயா. உண்மையை எழுதினால் என் மேற்பார்வையாளர் உரிமம் போய்விடும். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு வேறு தொழில் தெரியாது. திருகைத் திருப்பியது யார் என்பதை மறைத்து மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் மனு நொண்டியது. அனுசியாதான், மறைச்சு எழுதினா அவங்க எப்படி நம்புவாங்க என்றாள். அத்துடன் மறைக்கும் எண்ணத்தை விட்டேன். பூட்டை உடைத்து நீயே அணைத்தால் என்ன என்பது இரண்டாவது. உடைக்கத் தெரியும். அணைத்துவிட்டு நான் காவல் நிலையத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அவர்கள் மறுபடி போட்டுவிடுவார்கள். என் கை அணைத்தது பத்து நிமிடம் நிற்கும். தங்கள் முத்திரை வைத்து அணைத்ததுதான் நிற்கும். மின்வாரிய அலுவலகத்திலும் கேட்டேன். மீட்டருக்கு அப்பால் கட்டடத்துக்குள் இருப்பது தங்களிடம்தான் வர வேண்டும் என்று மரியாதையாகவே சொன்னார்கள்.

15. வரும் வியாழன், 24.07.2025, ஆடி அமாவாசை. அருவியில் முழுகித் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்களுக்காகப் புதன் மாலை முதல் நாற்பத்திரண்டு அறைகளும் பதிவாகிவிட்டன என்று பிச்சம்மாள் சொன்னார். திருவேங்கடம் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்துக் கூட்டம். அத்தனை பேரும் ஈர வேட்டியோடும் ஈரச் சேலையோடும் அந்தப் படியில்தான் ஏறுவார்கள். பெரியவர்கள் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏற மாட்டார்கள். சுவர் எரிந்தாலும் இறங்க அவர்களுக்கு வேறு வழி இல்லை. நான் என்ன செய்வதென்று தெரியாமல், இன்று காலை என் மனைவியின் பெயரில் இங்கே ஓர் அறை எடுத்திருக்கிறேன். படிக்கட்டுச் சுவரை ஒட்டிய அறை எண் 4. மேலாளர் பார்த்துவிட்டார். அறை எடுத்தவனை அவராலும் வெளியேற்ற முடியவில்லை. இரண்டு வாளி மணலும் ஒரு ரப்பர் கையுறையும் வைத்துக்கொண்டு முதல் படியில் உட்கார்ந்திருக்கிறேன். ஏறுகிறவர்களிடம் கைப்பிடியைத் தொடாதீர்கள் என்கிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர் நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்து ஒதுங்கிப் போகிறார்கள். பிச்சம்மாளை அறையில் அனுசியாவோடு படுக்கச் சொல்லிவிட்டேன். இந்த மனுவைப் படியில் வைத்துத்தான் எழுதுகிறேன். அதனால் கையெழுத்து கோணலாக இருக்கும்.

16. எனவே தங்களைப் பணிந்து கேட்பவை:

முதலாவதாக, 23.07.2025 புதன்கிழமை மதியத்துக்குள் தாங்கள் நேரில் வந்து, மெயின் பிரேக்கரை அணைத்து முத்திரையிட வேண்டும். அறை பதிந்தவர்களை வேறு இடம் பார்க்கச் சொல்ல அந்த மாலை ஒன்றுதான் மிச்சம். கேபிளை மாற்றி, கைப்பிடியைக் கழற்றி, நான்காவது திருகை முதல் நிலைக்குத் திருப்பிய பிறகே மின்சாரம் தர அனுமதிக்க வேண்டும்.

அடுத்து, என் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். உரிமத்தின் அசலை இத்துடன் இணைத்துள்ளேன். நகல் கேட்பது வழக்கம் என்று தெரியும். அசலே இருக்கட்டும். உரிமையாளர் மீதும், பார்க்காமல் சான்று எழுதியவர் மீதும் சட்டம் என்ன சொல்கிறதோ அது நடக்கட்டும்.

திருமதி பிச்சம்மாள் மீது யாரும் குறை சொல்லக் கூடாது. அவர் வேலைக்கும் பங்கம் வரக் கூடாது. பார்க்கச் சொன்ன இடத்தை அவர் ஒருநாள் தவறாமல் பார்த்தார். பார்க்க முடியாதபடி அந்த இடத்தை முதலில் மறைத்தவன் நான்.

மற்ற விடுதிகளின் பேனல்களையும் திறந்து நான்காவது திருகைப் பார்க்க வேண்டும். யார் பெயரையும் நான் சொல்லவில்லை. கதவில் ஒட்டிய அட்டையைப் பார்க்காமல் திருகைப் பார்த்தால் போதும்.

17. கடைசியாக ஒன்று. தாங்கள் வரும்போது அந்தப் பொட்டைத் துடைக்க வேண்டிவரும். பிச்சம்மாளைத் துடைக்கச் சொல்ல வேண்டாம். தங்கள் ஊழியர்களும் வேண்டாம். முதல் பொட்டை வைத்தவன் நான், நானே துடைக்கிறேன். விளக்கு எரியாமல் இருந்தால் பொய் மனு கொடுத்துப் பீதி கிளப்பியவன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்படி எழுதுவதைப்போல எனக்குச் சந்தோஷம் வேறில்லை. எரிந்துகொண்டிருந்தால், அது எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு முதலில் எரிந்தது என்று யூனிட்டின் நினைவகத்தில் இருக்கும். அந்தத் தேதியை என் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும். அன்று மாலை நான் எங்கே, என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

நாளை காலை அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு அனுசியா இதை நேரில் கொண்டுவருவாள். தாங்கள் கிளம்பிவிட்டீர்கள் என்று அவள் போன் செய்யும்வரை நான் இந்தப் படியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

தங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
ஆ. தளவாய்

இடம்: குற்றாலம்
நாள்: 22.07.2025

இணைப்பு: 1. மேற்பார்வையாளர் உரிமம் – அசல். 2. பதிவுத் தபாலின் நகலும் ரசீதும். 3. 27.06.2025 ஆய்வுச் சான்றின் படம். 4. 18.07.2025 ஆடி வெள்ளியன்று பேனலை எடுத்த படம், பெரிதாக்கியது.

பி.கு.: இதை மடித்து உறையில் போடும் முன் ஒருமுறை எழுந்துபோய் அளந்தேன். நேரம் மாலை 6.50. வெளியே மழை. கைப்பிடியில் 58 வோல்ட்.